ஸ்காட்லாந்துக்கு லண்டன் தரும் பணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

கேள்வி: எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து அரசின் பட்ஜெட்டுக்கு லண்டன் எவ்வளவு தர வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? வருஷா வருஷம் உட்கார்ந்து பேரம் பேசுவார்களா?

பதில்: பேரமெல்லாம் இல்லை. 1970களின் கடைசியில் வந்த பார்னெட் சூத்திரம்தான். இங்கிலாந்தில் சுகாதாரத்துக்கு 100 கோடி பவுண்டு கூட்டினால், மக்கள்தொகை விகிதப்படி ஸ்காட்லாந்துக்கு 10 கோடிக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும், ஆனால் அதை மருத்துவமனைக்கே செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பதில்: சூத்திரம் கூடுதல் தொகைக்கு மட்டும்தான், பழைய அடித்தொகை அப்படியே தொடரும். அப்புறம், 2017 முதல் வருமான வரி விகிதத்தை ஸ்காட்லாந்தே வைப்பதால் மானியத்தில் அதற்கு ஈடாகக் கழித்துவிடுகிறார்கள்.

பதில்: தேவையைப் பார்க்காமல் தலையை எண்ணித் தருவது நியாயமே இல்லை. இதே சூத்திரப்படி பணம் வாங்கும் வேல்ஸுக்கு, தேவையைப் பார்த்து இப்போது 5 சதவீதம் கூட்டித் தருகிறார்கள், அதற்கே எத்தனை வருஷம் கேட்க வேண்டியிருந்தது!