புதுப்பிப்பு: கடைசியில் திங்க்பேட் பி1 வாங்கியாச்சு

ஓட்டோகாட்டும் (வரைபடம் வரைய) பிளெண்டரும் (முப்பரிமாணப் படம் செய்ய) ஓடக்கூடிய மெல்லிய, பழைய வேர்க்ஸ்டேஷன் (கனமான வேலைக்கான) லப்டொப் இரண்டு லட்சத்துக்குள் கிடைக்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன் அல்லவா?

சரி, யாழ்ப்பாணத்திலேயே ஒன்று கிடைத்தது. 2018இல் வந்த திங்க்பேட் பி1, குவாட்ரோ பி1000 கிராபிக்ஸ் சிப், 16 ஜிபி றாம். எடை 1.7 கிலோ அளவுதான். இன்டெல் எட்டாம் தலைமுறை புரொசசருக்குக் கீழே போகாதே என்று சொன்ன அண்ணாமாருக்கு நன்றி. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறை என்பதால் இதில் விண்டோஸ் 11 பிரச்சினையில்லாமல் ஏறியது.

பற்றரி கதை வேறு. "நாலு மணித்தியாலம் நிக்கும் தம்பி" என்றார் கடைக்காரர். அங்கேயே விண்டோஸின் பற்றரி அறிக்கையை எடுத்தேன். புதிதில் 80 வாட்மணி மின்சாரம் பிடித்தது, இப்போது 47தான். அதைக் காட்டியதும் முகம் சுருங்கியது, விலையும் பன்னிரண்டாயிரம் இறங்கியது. அந்த அறிக்கை பார்க்காமல் காசை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

மிச்சம் சூடுதான். இந்த வெயிலில் பிளெண்டரில் ரெண்டர் போட்டால் (செய்ததை முழுப் படமாக்கினால்) விசிறி ஒப்பாரி வைத்தது. திறந்து தூசி தட்டி, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டை மாற்றியபின் சூடு 97 பாகையிலிருந்து 86க்கு வந்தது. றாமுக்கு இன்னொரு இடம் காலியாக இருக்கிறது, அது அடுத்த சம்பளத்துக்கு.