கலைச்சொல் வேண்டும் (அவசரம்): ‘கிராஷ்’ – ஊடக இயக்கி, ஒற்றைப்பலகைக் கணினி

கரூர் ஆசிரியை:

வணக்கம். பள்ளிக் கணினி மன்றத்தில் ‘ராஸ்பெரி பை’ என்ற சிறிய ஒற்றைப்பலகைக் கணினி ஒன்றைப் புரொஜெக்டரோடு இணைத்துப் பாடக் காணொளிகள் போடுகிறோம். பாதியில் நின்றால் பிள்ளைகளே சரிசெய்ய ஒரு பக்கக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை ஜெராக்ஸுக்குப் போக வேண்டும். ‘கிராஷ்’ வரும் இடத்தில் பேனா நின்றுவிட்டது.

நடப்பது மூன்று விதம். படம் ஓட்டும் நிரல் (புரோகிராம்) மட்டும் சட்டென்று மூடிக்கொண்டு முகப்புத் திரை வந்துவிடும். அல்லது படம் அப்படியே நிற்கும், மவுஸும் அசையாது. அல்லது கணினியே அணைந்து மறுபடி தொடங்கும். பிள்ளைகளுக்கு எல்லாமே ‘ஹேங் ஆயிடுச்சு மிஸ்’தான். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, அதனால் பெயரும் வேறாக இருந்தாக வேண்டும்.

சென்னை, தமிழாக்கத் தன்னார்வலர்:

முறையே செயலிழப்பு, உறைதல், மறுதொடக்கம். பல ஆண்டுகளாகப் புழங்குகிற சொற்கள், புதிதாக ஒன்றும் சமைக்க வேண்டாம். ‘மோதல்’ மட்டும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பு அதைத்தான் நீட்டும். நிரல் எந்த லாரியிலும் போய் மோதவில்லை.

தஞ்சை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்புடையீர், செயலிழப்பு என்பது விளைவின் பெயர், நிகழ்வின் பெயர் அன்று. அம்மையார் சொன்ன மூன்றிலுமே செயல் இழக்கப்படுகிறது. பிறகு எதைக் கொண்டு பிரிப்பது?

‘சிஸ்டம் படுத்துடுச்சு’ என்று ஊரே சொல்கிறது. அதை ஏன் கைவிட்டோம்? படு என்பது வெறும் படுக்கை அன்று. செங்கம் நடுகற்களில் ‘பட்டான்’ என்றால் பொருது மாய்ந்தவன். ஞாயிறு படுகிறது, மரம் பட்டுப்போகிறது. கெடு கேடு ஆவதுபோல் படு பாடு ஆகும், முதனிலை திரிந்த தொழிற்பெயர். நிரல் படுவது ‘நிரற்பாடு’. லகரம் றகரமாகத் திரிவதையும் கவனிக்க.

சென்னை:

> நிரல் படுவது ‘நிரற்பாடு’

ஐயா, பாட்டுப் போடும் பெட்டிக்குப் ‘பாடு’ என்று எழுதினால் பிள்ளை அதைப் பாடச் சொல்கிறோம் என்றுதான் நினைப்பான்.

தஞ்சை:

ஏற்பாடு, கோட்பாடு, வழிபாடு. இவற்றைப் பாட்டென்று மயங்கியவர் எவரேனும் உண்டா?

யாழ்ப்பாணம்:

எல்லோருக்கும் வணக்கம். கணனியில் (சரி சரி, கணினியில்) ‘உறைதல்’ எனக்கு ஒட்டவில்லை. இங்கே உறைப்பு என்றால் காரம். பழைய தமிழில் உறைதல் என்றால் தங்கியிருத்தல், கோயிலில் இறைவன் உறைவார். நின்றுபோன படத்துக்கு ‘விறைப்பு’ பொருந்தும். குளிரில் கை விறைத்தால் அசையாதுதானே.

கரூர் ஆசிரியை:

விளக்கம் நன்றாக இருக்கிறது அண்ணா. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதிவிட்டு என்னால் பாடம் நடத்த முடியாது.

நாகர்கோவில்:

தலைப்பில் மீடியா பிளேயருக்குப் போட்ட ‘ஊடக இயக்கி’யை யாரும் கேள்வி கேட்கவில்லையே! சாதனத்தை ஓட்டும் டிரைவருக்கும் இயக்கி என்றே எழுதுகிறோம். ‘ஒலி இயக்கி சரியில்லாததால் ஊடக இயக்கி நின்றது’ என்றால் எந்த இயக்கி எதை நிறுத்தியது? எங்கள் ஊரில் இயக்கி என்றாலே இசக்கியம்மன்தான். சிலப்பதிகார அடைக்கலக் காதையில் மாதரி பால்மடை கொடுத்துவிட்டு வருவது பூங்கண் இயக்கிக்கு. யட்சிதான் இயக்கியாகி இசக்கியானாள் என்பார்கள். முப்பந்தலில் இன்றும் கூட்டம் குறையவில்லை. ‘இயக்கி செயலிழந்தது’ என்று என் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

சென்னை:

இதற்குத் தனி இழை தொடங்குங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கோவை, வன்பொருள் வேலை:

சொல்லைத் தேடுமுன் கோளாறைப் பார்ப்போம். மூன்றாவது வகை பெரும்பாலும் மின்சாரம். ராஸ்பெரி பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். போன் சார்ஜரும் நீளமான மெல்லிய கேபிளும் போட்டால், படம் ஓடி வேலை கூடும்போது மின்னழுத்தம் சரியும். சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரை மூலையில் மின்னல் குறி வரும். கட்டளைவரியில் நிலை கேட்டால் பதினறும (ஹெக்ஸாடெசிமல்) எண் ஒன்று வரும். 50005 என்றால் அழுத்தம் இப்போதே குறைவு, வேகமும் மட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. 50000 என்றால் கடைசியாகத் தொடங்கியபின் எப்போதோ அப்படி நடந்திருக்கிறது, இப்போது சரி. பெட்டி மறுபடி தொடங்கினால் இந்தக் கணக்கு அழிந்துவிடும், எனவே படம் ஓடும்போதே பார்க்கச் சொல்லுங்கள். 80 டிகிரி சூட்டிலும் வேகம் குறையும், அப்போது பெரும்பாலும் படம் திக்கும், நிரல் சாகாது.

முதல் வகையில் ஒரு நுட்பம் இருக்கிறது. பை 3-இல் நினைவகம் 1 ஜிபிதான். அது தீர்ந்தால் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருவே (கெர்னல்) அதிகம் தின்னும் நிரலைப் பார்த்துக் கொன்றுவிடும். நிரல் தன் பிழையால் வீழ்வது வேறு, கரு கொல்வது வேறு. பதிவேட்டை (லாக்) பார்த்தால் தெரியும். ஆக நமக்குத் தன்வினையும் பிறவினையும் தரும் வேர் வேண்டும். ‘செயலிழ’வில் பிறவினைக்குச் ‘செயலிழக்கச் செய்தது’ என்று வாலை நீட்ட வேண்டியிருக்கிறது. ‘குலை’யில் அந்தத் தொல்லை இல்லை: நிரல் குலைந்தது, கரு நிரலைக் குலைத்தது. பெயர்ச்சொல் ‘குலைவு’. பிழைச்செய்திப் பெட்டியிலும் அடங்கும்.

யாழ்ப்பாணம்:

குலைவு நல்லது. முடங்கு, முடக்கு என்று இரண்டாம் வகைக்கும் அதே இலக்கணம் கிடைக்கிறது. விறைப்பை மீளப் பெற்றுக்கொள்கிறேன்.

நாகர்கோவில்:

குலை என்றால் வாழைக்குலை. ஈரக்குலையும் உண்டு.

மதுரை, கல்லூரி மாணவன்:

தப்பா எடுத்துக்காதீங்க. ‘கிராஷ்’ என்றே எழுதினால் என்ன? நாளைக்கு அந்தப் பிள்ளை இணையத்தில் தீர்வு தேடும்போது ‘குலைவு’ என்று தட்டினால் என்ன கிடைக்கும்?

தஞ்சை:

தம்பி, வடசொல்லுக்குத் தொல்காப்பியர் வகுத்த வழியிலே, அயலெழுத்தை நீக்கி எடுத்தால் ‘கிராசு’. எழுதுவீரா?

மதுரை:

‘கிராசு’வுக்கு நிரற்பாடே தேவலை ஐயா.

தஞ்சை:

ஒரு வாக்கு கிடைத்தது.

சென்னை:

கேலியை வாக்கில் சேர்க்க முடியாது. மாணவர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. செயலிழப்பு என்று தேடினால் ஏதாவது கிடைக்கும், குலைவுக்கு ஒன்றும் கிடைக்காது. இருந்தாலும் கோவைக்காரரின் இலக்கணத்தை மறுக்க எனக்குத் தெம்பில்லை. குலைவு என்றே போடுங்கள்.

கரூர் ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. கையேட்டில் இப்படிப் போகிறது: ‘நிரல் குலைவு: பதிவேட்டைப் பார். முடக்கம்: கொஞ்சம் பொறு, மின்விளக்கு சிமிட்டுகிறதா பார். தானாக மறுதொடக்கம்: அடாப்டரையும் கேபிளையும் மாற்று.’ முதல்முறை வரும்போது குலைவுக்குப் பக்கத்தில் ‘கிராஷ்’ என்றும் எழுதுகிறேன், தேட உதவும். ஊடக இயக்கியை ‘படம் ஓட்டி’ என்று மாற்றிவிட்டேன். பாட்டிக்கும் சங்கடம் இல்லை.

தஞ்சை:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். குலைவு ஒழுங்கு கெடுவதைக் குறிக்கும், மாய்வதைக் குறிக்காது. மேலும் ‘படம் ஓட்டி’ இரண்டு சொல்லா, ஒரு சொல்லா? ‘படவோட்டி’ எனின் படகோட்டி என்று படிப்பார்கள். அச்சுக்குப் போகுமுன் இதைத் தீர்க்க வேண்டும்.

கரூர் ஆசிரியை:

ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்துவிட்டேன் ஐயா.