விக்டோரியாவின் சிற்றூர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழு: வரலாற்றை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது?

வடகாற்று:

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், சில நூறு பேர் மட்டுமே வாழும் ஒரு சிற்றூரில் குடியிருக்கிறேன். எங்கள் ஊர்த் தீயணைப்புக் குழுவில் ஊதியம் பெறுபவர் ஒருவரும் இல்லை. உழவர், பள்ளி ஆசிரியர், லாரி ஓட்டுநர் எனப் பலரும் அழைப்பு வந்தவுடன் கைவேலையை விட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடி வருகிறார்கள். இந்தக் குழுவின் வரலாற்றைச் சிறு கையேடாக எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

கொட்டகைச் சுவரிலுள்ள பலகை 1940களின் பிற்பகுதியைத் தொடக்கமாகக் குறிக்கிறது. ஆனால், தம் பாட்டனார் காலத்திலேயே ஊரார் சேர்ந்து ஈரச் சாக்குகளால் புல்தீயை அடித்து அணைத்ததாக முதியவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். எதை ஏற்பது? இத்தனை பெரிய தீவிபத்துகளைக் கண்ட பிறகும் இந்த வேலையை அரசு ஏன் முழுநேரப் பணியாளர்களிடம் ஒப்படைக்கவில்லை என்பதும் எனக்கு விளங்கவில்லை.

பழஞ்சுவடி:

வணக்கம். பலகையும் முதியவர்களும் முரண்படுவதாக நான் நினைக்கவில்லை. சி.எஃப்.ஏ. என்று எல்லோரும் அழைக்கும் நாட்டுப்புறத் தீயணைப்பு ஆணையம் செயல்படத் தொடங்கியது 1945 ஏப்ரல் 2 அன்று. அதையொட்டிய ஆண்டுகளைத் தொடக்கமாகக் காட்டும் பலகைகள் பெரும்பாலும் ஆணையத்தில் பதிவான ஆண்டையே குறிக்கின்றன. குழு அதற்கு முன்பே இயங்கியிருக்க நிறைய வாய்ப்புண்டு.

அடுத்து, உங்கள் குழு எந்த மரபில் வந்தது என்று பாருங்கள். 1890ஆம் ஆண்டின் தீயணைப்புச் சட்டம் மெல்பர்னுக்கு ஒரு வாரியத்தையும் மற்ற நகரங்களுக்கு இன்னொரு வாரியத்தையும் ஏற்படுத்தியது. பின்னதன் கீழிருந்த நகர்க் குழுக்களிடம் சீருடையும் தண்ணீர்க்குழாய் வண்டியும் இருந்தன. கடைத்தெருவைக் காப்பதே அவற்றின் வேலை. வயல்வெளியிலும் காட்டோரத்திலும் இருந்த குழுக்களின் கதை வேறு. அண்டை நிலத்தில் புகை எழுந்தால் ஓடிப்போய் உதவுவது என்ற ஏற்பாட்டுக்கு ஒரு தலைவரும் ஒரு செயலாளரும் வாய்த்தபோது, அதுவே குழுவாகிவிட்டது. அத்தகைய குழுவுக்குத் தொடக்க நாள் தேடுவது வீண்வேலை என்பது என் கருத்து. பெயருடன் முதன்முதலில் பதிவில் தென்படும் ஆண்டைச் சொன்னால் போதும்.

இவ்விரு மரபுகளையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவரத் தீ பலமுறை எரிய வேண்டியிருந்தது. 1926 கோடையில் விக்டோரியாவில் 60 பேர் மாண்டார்கள். 1939 ஜனவரி 13, வெள்ளிக்கிழமையை உச்சமாகக் கொண்ட தீயில் 71 பேர் உயிரிழந்தார்கள்; மரம் அறுக்கும் ஆலைக் குடியிருப்புகள் பல அடியோடு அழிந்தன. அதை விசாரித்த நீதிபதி லியனார்டு ஸ்ட்ரெட்டன், அந்தத் தீக்கள் மனிதக் கையால் மூட்டப்பட்டவை என்று ஒளிவுமறைவின்றி எழுதினார். நிலத்தைத் திருத்தவும் புதுப்புல் முளைக்கவும் தீவைப்பது அன்றைய வழக்கம். தீயை அணைக்க ஓடியவர்களும் அதை மூட்டியவர்களும் பல இடங்களில் ஒரே ஊர்க்காரர்கள்தாம். ஊர்ப் பெருமை பேசும் கையேடுகள் இந்தப் பக்கத்தைத் தவிர்த்துவிடுகின்றன. நீங்கள் தவிர்க்க வேண்டாம்.

ஸ்ட்ரெட்டன் பரிந்துரைத்த ஒற்றை ஆணையம் உடனே வரவில்லை. 1944 பிப்ரவரியில், மாநிலத்துக்கு மின்சாரம் தந்த யல்லோர்ன் நிலக்கரிச் சுரங்கத்துக்கே தீ பரவியது. அதையும் ஸ்ட்ரெட்டனே விசாரித்தார். அதன் பிறகுதான் சட்டம் நிறைவேறியது. ஆகவே ஆணையம் ஏற்கெனவே இருந்த குழுக்களைப் பதிவுசெய்து, கருவிகளையும் விதிகளையும் தந்து இணைத்தது. அவற்றைப் புதிதாகப் பெற்றெடுக்கவில்லை. அரசுக்குச் சொந்தமான காடுகள் அப்போதும் வனத்துறையின் பொறுப்பிலேயே இருந்தன.

புகைமுகில்:

இரண்டாம் கேள்விக்கு, ஒரு குழுவில் உறுப்பினராக இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். காய்ந்த புல்லில் பற்றிய தீ, ஆள் ஓடி முந்த முடியாத வேகத்தில் நகரும். நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரத்திலிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் நான்கு பண்ணைகளின் வேலிகள் எரிந்து முடிந்திருக்கும். பக்கத்தில் இருப்பவர் முதல் சில நிமிடங்களில் செய்வதுதான் பயன் தரும். அதே சமயம், ஒவ்வொரு சிற்றூரிலும் ஆண்டு முழுவதும் சம்பளம் தந்து ஆட்களை அமர்த்தும் அளவுக்கு அழைப்புகளும் வருவதில்லை, பணமும் இல்லை. கேப்டனை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறையும் அந்தப் பழைய ஏற்பாட்டின் எச்சம்தான்.

ஆனால் 'தன்னார்வம்' என்பதன் பொருள் காலப்போக்கில் மாறிவிட்டது என்பதை உங்கள் கையேடு காட்ட வேண்டும். இங்கே கோடையில் வெப்பமான வடகாற்று தீயை ஒடுங்கிய நீள்கோடாகத் தெற்கு நோக்கி இழுத்துச் செல்லும். பிறகு திடீரென்று தென்மேற்குக் காற்று திரும்பும்போது, அந்தக் கோட்டின் பக்கவாட்டு முழுவதும் தீமுகப்பாக மாறும். 1983 பிப்ரவரி 16 அன்று, அப்பர் பீக்கன்ஸ்பீல்டில் காற்று அப்படித் திரும்பியபோது தன்னார்வலர் பன்னிருவர் உயிரிழந்தார்கள். 1998 டிசம்பர் 2 அன்று, லின்டன் என்ற ஊரருகே அதே வகைத் திருப்பத்தில் ஜீலாங் வெஸ்ட் குழுவின் டேங்கரில் இருந்த ஐவரும் மாண்டார்கள்.

லின்டனுக்குப் பிந்தைய விசாரணைதான் எங்கள் அன்றாட நடைமுறையை மாற்றியது. அடிப்படைப் பயிற்சியை முடிக்காமல் யாரும் தீமுனைக்குப் போகக்கூடாது, டேங்கரில் உள்ள தண்ணீரில் ஒரு பங்கைக் குழுவின் உயிர்காப்புக்கென்றே ஒதுக்கி வைக்க வேண்டும், காற்றுத் திருப்ப எச்சரிக்கை ஒவ்வொரு வண்டிக்கும் போய்ச் சேர வேண்டும் என்பவை கண்டிப்பாயின. சாக்கையும் முதுகுப்பம்பையும் கொண்டு போராடிய மூத்தவர்கள் சிலர் இதைக் காகித வேலை என்று முணுமுணுத்தது உண்மை. எனக்கு அந்த முணுமுணுப்பில் உடன்பாடில்லை.

வடகாற்று:

இருவருக்கும் நன்றி. பெண்களைப் பற்றி எங்கள் குழுவின் பழைய குறிப்புகளில் தேநீரும் ரொட்டியும் தந்தார்கள் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அப்படியே எழுதிவிடலாமா? மேலும், இன்றும் இது முழுக்கத் தன்னார்வ அமைப்புதானா?

பழஞ்சுவடி:

எழுதிவிடாதீர்கள். குறிப்பேட்டை எழுதியவர் எதைப் பதியத் தகுந்ததென்று கருதினாரோ அது மட்டுமே அங்கே இருக்கும். வானொலித் தொடர்பையும் தொலைபேசி அழைப்புகளையும் கவனித்தவர்கள் பல ஊர்களில் பெண்களே. உங்கள் ஊரில் யார் என்று முதியவர்களிடம் பெயர் பெயராகக் கேளுங்கள். புகைமுகில் சொன்ன அந்தப் பன்னிருவரில் ஒருவர் பெண் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இடையில் சி.எஃப்.ஏ.வின் பெரிய நகர நிலையங்களில் ஊதியப் பணியாளர்களும் இருந்தார்கள். 2020 ஜூலை 1 முதல் அத்தகைய 38 நிலையங்களின் பணியாளர்கள் மெல்பர்ன் தீயணைப்புப் படையுடன் சேர்ந்து 'ஃபயர் ரெஸ்க்யூ விக்டோரியா' என்ற புதிய அமைப்பாயினர், சி.எஃப்.ஏ. மீண்டும் தன்னார்வலர்களைக் கொண்டே தீயணைக்கும் அமைப்பாகியது. இந்தப் பிரிவு ஆண்டுக்கணக்கான கடும் அரசியல் சச்சரவுக்குப் பிறகு வந்தது. உங்கள் குழுவில் இரு தரப்பினரும் இருப்பார்கள் என்பதால், அந்தப் பகுதியை அச்சுக்கு அனுப்புமுன் இருவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

ஆதாரங்களுக்கு, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் உள்ளூர்ச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் 1954 வரை கிடைக்கின்றன. ஊர்ப் பெயருடன் 'புஷ் ஃபயர் பிரிகேட்' என்று சேர்த்து, கோடை மாதங்களை மட்டும் தேர்ந்து தேடுங்கள். நிதி திரட்ட நடந்த நடன விருந்துகளின் அறிவிப்புகளில்தான் குழுவின் பெயர் முதலில் தலைகாட்டும்.