ஸ்டென்னஸ் கற்கள், மேஸ்ஹோ புதைமேடு: டிசம்பரில் போனால் வெயில் உள்ளே வருமா?

கிளைடுக்கரையான்:
வணக்கம். கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறேன். டிசம்பர் கடைசியில் நாலு நாள் லீவு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுக்குப் போய் ஸ்டென்னஸ் நெடுங்கற்களையும், பக்கத்தில் உள்ள மேஸ்ஹோ புதைமேட்டையும் பார்க்க ஆசை. அந்த நாட்களில் மாலை வெயில் மேட்டுக்குள் விழும் என்கிறார்களே, உண்மையா? உள்ளே வைக்கிங் கடலோடிகளின் எழுத்துகள் இருக்கிறதாமே, அப்படியானால் கட்டியதும் அவர்கள்தானா? அம்மாவும் கூட வருகிறார். முழங்கால் வலி உண்டு.

உப்புக்காற்று:
வைக்கிங்குகள் கட்டவில்லை தம்பி, உடைத்துக்கொண்டு புகுந்தவர்கள். மேடு எழுந்தது கி.மு. 2800 வாக்கில். ஸ்டென்னஸ் கற்கள் அதைவிடச் சில நூற்றாண்டு மூத்தவை. வைக்கிங்குகள் கூரையைப் பிரித்து இறங்கியது கி.பி. 12-ஆம் நூற்றாண்டில். நடுவே கிட்டத்தட்ட 4,000 வருஷம்.

சுவரில் அவர்கள் கீறியவை முப்பதுக்கு மேல் இருக்கின்றன. பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, பஸ் சீட்டின் முதுகில் எழுதுகிற ரகம்தான். இங்கே புதையல் இருந்தது என்கிறான் ஒருவன். மேற்குக் கடலிலேயே ரூன் என்கிற அவர்களுடைய எழுத்தில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்கிறான் இன்னொருவன். பெண்களிலேயே அழகி இங்கிகெர்த்தான் என்று ஒரு வரி, அதன் பக்கத்திலேயே வாயொழுகும் நாயின் படம். அந்த நாயைப் பார்த்து நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சமாதிக்குள் இருக்கிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

வெயில் விஷயம் உண்மைதான். டிசம்பர் 21-க்கு முன்னும் பின்னும் மூன்று வாரம் வரை, மறைகிற சூரியன் நுழைவழி நெடுக வந்து பின்சுவரைத் தொடும். அங்கே அப்போது மூன்றேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும். ஆனால் நான் போன அன்று ஒரே மூட்டம். எதிரே ஹோய் தீவின் மலை இருந்த சுவடே இல்லை. பின்சுவரைத் தொட்டது வழிகாட்டியின் டார்ச் வெளிச்சம் மட்டும். வெயிலை மட்டும் நம்பிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வாசல் பக்கம் சுவரில் ஒரு மாடம், அதில் ஒரு பெரிய கல் ஒதுங்கி நிற்கும். வழியை மூட வைத்த கல் அது. முழுக்க மூடினாலும் மேலே ஓர் இடைவெளி மிஞ்சும். கதவைச் சாத்திய பிறகும் இறந்தவர்களுக்கு வெளிச்சம் போகட்டும் என்று விட்டார்களோ என்னவோ, எனக்கு அப்படித்தான் தோன்றியது.

அம்மா விஷயத்தில் யோசியுங்கள். வழி சுமார் 10 மீட்டர் நீளம், உயரம் ஒரு மீட்டர் அளவுதான். இடுப்பை வளைத்தே போக வேண்டும், நடுவில் நிமிர இடமில்லை.

படகுத்துறை:
ஸ்காட்லாந்தின் வடகரைத் துறைமுகம் ஸ்க்ராப்ஸ்டரிலிருந்து ஆர்க்னியின் ஸ்ட்ரோம்னஸுக்குக் கப்பலில் ஒன்றரை மணி நேரம். குளிர்காலத்தில் காற்று வலுத்தால் கப்பல் ரத்தாகும், அதனால் திரும்புவதற்கு ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்ஹோவுக்கு முன்பதிவு கட்டாயம், வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். ஸ்டென்னஸுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் பழைய கல்வட்டத்தில் இப்போது மிஞ்சி நிற்பது நாலே கல். அதற்காக அவ்வளவு தூரமா என்று கேட்பவர்களும் உண்டு.

உப்புக்காற்று:
நாலு கல் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள்! உயரமானது கிட்டத்தட்ட 6 மீட்டர், தடிமனோ ஒரு முழம்கூட இல்லை. மேல்நுனி அரிவாளால் ஒரே வெட்டாகச் சீவியதுபோல் சாய்வாக இருக்கும். பக்கவாட்டில் போய் நின்றால் கல்லே மெலிந்து கோடாகிவிடும். நடுவில் பலிபீடம் என்று ஒன்றை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தப்பாக நிமிர்த்தி வைத்தார்கள். 1972-இல் அதுவும் சாய்ந்தது. அடுத்து நடந்த அகழாய்வில் வட்டத்தின் மையத்தில் கிடைத்தது ஓர் அடுப்புக்குழி.

இல்லாத கல்லையும் கேட்டுக்கொள்ளுங்கள். வட்டத்துக்கு வெளியே ஓடின் கல் என்று ஒன்று இருந்தது, அதில் ஓட்டை. காதலர்கள் இரண்டு பக்கமும் நின்று ஓட்டை வழியே கை கோத்துச் சத்தியம் செய்வார்களாம். அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த வெளியூர்க்காரர் ஒருவர், சனம் வந்து வந்து மிதிக்கிறது என்று எரிச்சலாகி, 1814 டிசம்பரில் அதை உடைத்துப்போட்டார். வட்டத்துக் கற்களிலும் ஒன்றை உடைத்து, ஒன்றைச் சாய்த்தார். ஊர்க்காரர்கள் அவர் வீட்டுக்குத் தீ வைக்கவே பார்த்தார்கள்.

தம்பி, இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். மேஸ்ஹோ வாசலில் நின்று உள்ளிருந்து வரும் வழியின் நேர்கோட்டிலேயே பாருங்கள், தூரத்து வயலில் பார்ன்ஹவுஸ் கல் தனியாக நிற்கும். கட்டியவர்கள் மேட்டை மட்டும் கட்டவில்லை, அந்த வெளி முழுவதையும் கணக்கில் வைத்திருந்தார்கள் என்பது அங்கே நின்றால்தான் பிடிபடும்.

கிளைடுக்கரையான்:
நன்றி அக்கா. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மேட்டுக்குள் நீ குனிந்து போய் வா, நான் அந்த ஓட்டைக்கல் இருந்த இடத்தில் நிற்கிறேன் என்கிறார். அந்த இடத்தில் இப்போது அடையாளம் ஏதும் இருக்கிறதா?

உப்புக்காற்று:
நான் பார்த்தவரை புல்தான். ஆடு மேயும். அம்மாவுக்குக் காற்று புகாத கோட்டும், குல்லாவும் எடுத்துக்கொள்ளுங்கள். குடை வேண்டாம், என்னுடையது முதல் பத்து நிமிஷத்திலேயே ஏரிக்குள் போய்விட்டது.