புதுப்பிப்பு: மினி டிராக்டர் வந்துவிட்டது

இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்புக்கு 24 குதிரைத்திறன் டீசல் மினி டிராக்டர் போதுமா என்று சித்திரையில் இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன், தாராளமாகப் போதும்.

பின்னால் மாட்டிய நான்கடி ரோட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் கருவி) தூக்கியபோது முன்சக்கரங்கள் மண்ணை விட்டு எழுந்ததுதான் பயமுறுத்தியது. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போனது! முன்னால் எடைக்கட்டிகள் மாட்டியதும் அடங்கிவிட்டது. பின் டயரில் தண்ணீர் நிரப்பச் சொன்னீர்கள். அது பின்சக்கரங்கள் வழுக்குவதற்கு மருந்து, முன்பக்கம் எழுவதற்கல்ல.

ஊடுபயிர் வாழைக்குள் நுழைய, பின்சக்கரங்களை டயரோடு உள்வெளியாகத் திருப்பி மாட்டி, இரண்டுக்கும் இடையிலான அகலத்தைக் குறைத்தோம். அப்படிச் செய்தால் டயர் சுழல வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறியும் திரும்பிவிடும். ஆகவே இடச்சக்கரத்தை வலப்பக்கமும் வலச்சக்கரத்தை இடப்பக்கமும் மாற்றிப் போட வேண்டும். முதல் தடவை அதை மறந்து, டயர் பட்டைகள் பின்னோக்கி இருக்க மாட்டியது மெக்கானிக் அல்ல, நான்தான். கடப்பாரையோடு மீண்டும் இரண்டு மணி நேரம்.