பல வருடம் காத்திருந்து வந்த பாகம்: முதல் வாரக் கோபம் எங்கிருந்து வருகிறது?

#1

மிகைப்புனைவு (ஃபேன்டசி) நாவல் தொடர்களில் ஐந்தாறு வருடம், சில சமயம் பதினெட்டு வருடம் கழித்து ஒரு பாகம் வரும். வந்த முதல் வாரத்தில் எழும் கோபம் எந்தத் தொடராக இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான்: "ஒன்றுமே நடக்கவில்லை", "எனக்குப் பிடித்த ஆளையே காணோம்", "இதற்கா இத்தனை வருடம்?" இதில் முக்கால்வாசி எழுத்தின் தரத்தைப் பற்றிய புகார் அல்ல என்பது என் கணிப்பு. நீண்ட கதையை எந்த இடத்தில் வெட்டிப் புத்தகமாக்கினார்கள் என்பதைப் பற்றிய புகார். வெட்டு எங்கே விழுந்தது என்று தெரிந்து படித்தால் ஏமாற்றம் பாதியாகக் குறையும். அவரவர் நன்றாகப் படித்த தொடரை வைத்து எழுதுங்கள். யார் செத்தார், யார் பிழைத்தார் என்பது இந்தத் திரியில் வேண்டாம், கட்டமைப்பு மட்டும் போதும்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' (திரையில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்') தொடரிலிருந்து தொடங்குகிறேன். மூன்றாம் பாகம் 2000இல் வந்தது. அதன் பிறகு கதைக்குள் ஐந்து வருடத்தைத் தாண்டிப் போவதுதான் அவருடைய திட்டம். சிறுவர் பாத்திரங்கள் வளர்வதற்கு அது வசதி. ஆனால் தலைநகரில் ஆட்சி செய்பவருக்கும் வடக்குச் சுவரைக் காப்பவருக்கும் அந்த ஐந்து வருடம் சும்மா கழிந்தது என்று எழுத முடியாது. திட்டத்தைக் கைவிட்டார். தாண்டிப் போக நினைத்த காலமெல்லாம் பக்கங்களாக நிறைந்து, ஒரே நூலில் அடங்காமல் போயிற்று. அப்போது அவர் கதையைக் காலத்தின் நடுவில் வெட்டவில்லை. ஆட்களை வைத்துப் பிரித்தார். அதனால்தான் 2005இல் வந்த நான்காம் பாகத்தில் ஜான், டிரியன், டெனேரிஸ் ஆகிய மூவரின் பார்வையில் ஓர் அத்தியாயம்கூட இல்லை. மறுபாதி அடுத்த வருடமே வந்துவிடும் என்ற நம்பிக்கையை நூலின் கடைசிக் குறிப்பில் அவரே எழுதியிருந்தார். அது வந்தது 2011 ஜூலை 12 அன்று.

ஐந்தாம் பாகத்தை எடுத்தவர்கள் பலர் கதை நான்காம் பாகம் முடிந்த இடத்திலிருந்து நகரும் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அதன் முன்பகுதி நான்காம் பாகத்தின் அதே காலத்தில்தான் நடக்கிறது. சுவரில் நடக்கும் ஓர் உரையாடல் இரண்டு நூலிலும் வருகிறது: ஒன்றில் ஜானின் நண்பன் சாமின் கண்ணால், மற்றொன்றில் ஜானின் கண்ணால். பின்பகுதியில்தான் காலம் நான்காம் பாகத்தைத் தாண்டுகிறது, செர்சியும் ஜேமியும் திரும்ப வருகிறார்கள். போதாக்குறைக்கு, நூல் முழுக்க நெருங்கிக்கொண்டே வந்த இரண்டு பெரிய போர்களும் ஆறாம் பாகத்துக்குத் தள்ளப்பட்டன. உச்சக்காட்சி இல்லை என்ற புகார் அங்கிருந்து வந்தது, அது நியாயமான புகார்தான்.

இரண்டையும் கலந்து படிக்க விரும்புகிறவர்களுக்கு: நான்காம் பாகத்தில் 46, ஐந்தாம் பாகத்தில் 73, மொத்தம் 119 அத்தியாயங்கள். முதல் வாசிப்பில் கலக்காதீர்கள். மறுவாசிப்பில் கலக்கும்போது ஒரே ஆளின் அத்தியாய வரிசை குலையக் கூடாது, சாம்–ஜான் உரையாடல் இரண்டும் அடுத்தடுத்து வர வேண்டும், நான்காம் பாகத்தின் செர்சி அத்தியாயங்கள் முழுதும் முடிந்த பிறகே ஐந்தாம் பாகத்துச் செர்சியைத் திறக்க வேண்டும். பலர் சறுக்குவது டோர்ன் என்ற தெற்கு நாட்டின் கதையில். நான்காம் பாகத்தின் பிற்பகுதியில் ஓர் இளவரசனைப் பற்றிய ரகசியம் உடைகிறது. ஐந்தாம் பாகத்தில் அவனுடைய முதல் அத்தியாயம் ஆள் யார் என்று உடனே சொல்லாமல் தொடங்கும். எதை முன்னால் வைத்தாலும் இரண்டில் ஒரு ஆச்சரியம் சப்பென்று போய்விடும். வெளிவந்த வரிசையிலேயே விடுவது நல்லது.

#2

வெட்டு விஷயத்தில் ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' இதைவிடச் சிக்கல். ஒன்பதாம் பாகம் 2000இல், பத்தாம் பாகம் 2003 ஜனவரியில். ஒன்பதின் முடிவில் உலகத்தையே புரட்டும் ஒரு மந்திரச் செயல் நடக்கிறது. அதற்கடுத்து என்ன என்று காத்திருந்தவர்களுக்குப் பத்தாம் பாகம் கொடுத்தது, அதே செயல் நடந்துகொண்டிருந்த வேளையில் மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை. ஒவ்வொரு குழுவாக நின்று தொலைவில் அந்தச் சக்தியை உணர்கிறார்கள். கடிகாரம் நகரவே இல்லை. தனி நூலாக அது தொடரிலேயே மெதுவானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எட்டு முதல் பதினொன்று வரை இடைவெளி விடாமல் படிப்பவர்களுக்கு அந்த மந்தம் கால்வாசிகூட உறைப்பதில்லை. புகாரில் பெரும்பங்கு இரண்டு வருடக் காத்திருப்பால் வந்தது.

ராபர்ட் ஜோர்டன் 2007 செப்டம்பர் 16 அன்று காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிரண்டன் சாண்டர்சன் முடித்தார். ஒரே நூலாக நினைத்தது மூன்றாக ஆயிற்று: 2009, 2010, 2013. இங்கேயும் ஆட்களை வைத்துத்தான் பிரிவு. விளைவு, பதின்மூன்றாம் பாகத்தில் பெரினின் கிளைக்கதை நாயகன் ராண்டின் கிளைக்கதையைவிடக் காலத்தில் பின்தங்கி ஓடுகிறது. பன்னிரண்டாம் பாகத்தில் ராண்டைப் பார்க்க வந்துவிட்ட அவனுடைய தந்தை டாம், பதின்மூன்றில் இன்னும் பெரினோடு பாசறையில் இருக்கிறார். இதை எழுத்தாளரின் பிழை என்று நினைத்துக் குழம்பியவர்கள் ஏராளம். பிழை இல்லை. டாம் எப்போது கிளம்புகிறார் என்பதை அடையாளமாக வைத்துக்கொண்டால் பெரினின் காலக்கோடு எந்த இடத்தில் சேர்கிறது என்று பிடிபட்டுவிடும்.

கடைசிப் பாகத்தின் 37ஆம் அத்தியாயத்தை ஒரு மூச்சில் முடித்துவிடலாம் என்று இரவு பதினொரு மணிக்குத் தொடங்காதீர்கள். அந்த ஒரு அத்தியாயம் மட்டுமே கிட்டத்தட்ட இருநூறு பக்கம்.

#3

ஒலிநூலில் கேட்பவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. மார்ட்டின் தொடரின் முதல் மூன்று பாகங்களை ராய் டோட்ரிஸ் வாசித்தார். நான்காம் பாகம் முதலில் ஜான் லீயின் குரலில் வந்தது, பின்னாளில்தான் டோட்ரிஸ் குரலில் பதிவானது. ஐந்தாம் பாகத்துக்கு டோட்ரிஸ் திரும்பியபோது டெனேரிஸுக்கு வேறு குரல், சில பெயர்களுக்கு வேறு உச்சரிப்பு. முதல் சில மணி நேரம் யார் பேசுகிறார் என்றே தடுமாறும். அந்த எரிச்சலைக் கதையின் மேல் ஏற்றிவிடாதீர்கள். ஒவ்வொரு ஆளின் முதல் அத்தியாயத்தையும் அச்சுநூலை வைத்துக்கொண்டே கேட்டால் சரியாகிவிடும்.

#4

#1 சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. எல்லாக் கோபமும் வெட்டால் வருவதில்லை. காத்திருந்த காலத்தில் எழுத்தாளரே மாறியிருப்பார், வாசகர் கேட்பதோ பழைய ஆளை.

அர்சுலா லெ குவினின் எர்த்சீ வரிசையைப் பாருங்கள். மூன்றாம் நூல் 1972இல், நான்காவதான 'தெஹானு' 1990இல். நான்காவது தொடங்கும் காலம் மூன்றாவதின் முடிவோடு ஒட்டியே இருக்கிறது, ஆகவே கதைக்குள் பெரிய இடைவெளி இல்லை. பதினெட்டு வருடமும் வெளியே கழிந்தது. முதல் மூன்று நூல்களில் மந்திரவாதிகள்தான் உலகின் அச்சு. நான்காவதிலோ தலைமை மந்திரவாதி தன் சக்தியை எல்லாம் இழந்து வீடு திரும்புகிறான். கதை நடுத்தர வயது விதவை ஒருத்தியின் கண்ணால், ஆட்டுப்பட்டி, சமையல், தீக்காயப்பட்ட ஒரு குழந்தை என்று போகிறது. டிராகன் சண்டையை எதிர்பார்த்து வந்தவர்கள் கொதித்தார்கள். இங்கே வெட்டு மிகச் சுத்தமானது. கோபத்துக்குக் காரணம், அந்த உலகில் யாருக்கு அதிகாரம், ஏன் பெண்களுக்கு அது இல்லை என்று ஆசிரியர் தன் பழைய நூல்களையே கேள்வி கேட்டதுதான். நான்கு நூல்களில் ஆகச் சிறந்தது இதுதான் என்பேன், சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

'எர்த்சீயின் கடைசி நூல்' என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். 2001இல் இன்னும் இரண்டு வந்தன. அந்த இரண்டில் சிறுகதைத் தொகுப்பை முதலில் படித்துவிட்டு நாவலுக்குப் போங்கள். தொகுப்பின் கடைசிக் கதைதான் 'தெஹானு'வுக்கும் நாவலுக்கும் பாலம். அதை விட்டுவிட்டால் நாவலில் ஒரு முக்கியப் பெண் திடீரென்று முளைத்தது போலிருக்கும்.

#5

#4 சொல்வது சரி, ஆனால் அந்த வகை அபூர்வம். பெரும்பாலானவர்கள் தயாரிப்பில்லாமல் புத்தகத்துக்குள் போவதால்தான் அடிபடுகிறார்கள். அதனால் நடைமுறை.

முதலில் கணக்கு. மார்ட்டினின் ஐந்து பாகங்கள் சேர்த்து ஏறக்குறைய பதினேழரை லட்சம் ஆங்கிலச் சொற்கள். நிமிடத்துக்கு 250 சொல் என்று வைத்தால் 115 மணி நேரத்துக்கு மேல், தினம் ஒரு மணி நேரம் என்றால் நான்கு மாதம். 'வீல் ஆஃப் டைம்' நாற்பத்து நான்கு லட்சத்தை ஒட்டி, தினம் ஒரு மணி நேரத்தில் பத்து மாதம். வெளியீட்டுத் தேதி அறிவித்த பிறகு தொடங்கினால் முடிக்க முடியாமல் போகலாம். அவசரத்தில் ஓட்டிப் படித்தால் களைப்போடு புதிய பாகத்தைத் திறப்பீர்கள். முழு மறுவாசிப்பு முடியாது என்றால் முந்தைய பாகத்தின் கடைசிக் கால்வாசியையும், அந்தப் பகுதியில் வராத ஆட்கள் ஒவ்வொருவரின் கடைசி அத்தியாயத்தையும் படித்தால் போதும்.

பிறகு பார்வைப் பாத்திரம் (யார் கண்ணால் அத்தியாயம் சொல்லப்படுகிறதோ அவர்) ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. மார்ட்டினின் ஐந்தாம் பாகத்துக்கு முன்கதை, பின்கதை சேர்த்து 18 பேர். எங்கே இருக்கிறார், யாரோடு, எதைத் தேடி என்று மூன்று வரி எழுதுங்கள். நான்காவது வரிதான் முக்கியம்: நமக்குத் தெரிந்த எது இவருக்குத் தெரியாது? "இவ்வளவு முட்டாளாகவா நடந்துகொள்வார்" என்று வரும் புகார்களில் பாதி இந்த வரியை மறந்ததால் வருபவை. மார்ட்டின் கடைசி இரண்டு பாகங்களில் அத்தியாயத் தலைப்பில் பெயருக்குப் பதில் பட்டப்பெயரும் போடுவார். அட்டையில் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே வெளியிடப்படும் மாதிரி அத்தியாயங்கள் இன்னொரு பொறி. படித்தவர்கள் நூலில் அந்த இடம் வந்ததும் தெரிந்ததுதானே என்று தாண்டுகிறார்கள். அதற்குள் வரிகள் திருத்தப்பட்டிருக்கலாம், முன்னும் பின்னும் வரும் அத்தியாயங்களால் பொருளும் மாறும். தொலைக்காட்சி வடிவம் உள்ள தொடர் என்றால் நினைவில் கலந்திருப்பதையும் பிரித்தாக வேண்டும். திரையில் செத்தவர் நூலில் உயிரோடு இருப்பார், நூலில் முக்கியமானவர் திரையில் வந்தே இருக்க மாட்டார்.

புதிய நூலைப் படிக்கும் முன் அதன் பின்னிணைப்பைத் திறக்காதீர்கள், கதை அங்கேயே கசிந்துவிடும். முந்தைய நூலின் பின்னிணைப்பே போதும்.

இடையில் வரும் குறுநாவல்களையும் மறக்க வேண்டாம். சாண்டர்சனின் ஸ்டார்ம்லைட் வரிசையில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே 'எட்ஜ்டான்சர்', மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே 'டான்ஷார்ட்'. முதலாவதை விட்டவர்களுக்கு மூன்றாம் பாகத்தில் லிஃப்ட் என்ற சிறுமி எப்படி அங்கே வந்தாள் என்பது தெரியாது.

#6

முதல் வார நட்சத்திரங்களை நம்பி வாங்குவதா விடுவதா என்று முடிவெடுப்பவர்களுக்கு. வாசகர்கள் நூல்களுக்கு மதிப்பெண் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் வெளிவராத நூலுக்கே மதிப்பெண் விழுந்திருக்கிறது. 'வீல் ஆஃப் டைம்' கடைசிப் பாகம் அச்சில் 2013 ஜனவரியில் வந்து மின்நூல் ஏப்ரலுக்குத் தள்ளிப்போனபோது, கதையை ஒரு வரி படிக்காமலே ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் உண்டு. மூன்று நட்சத்திர விமர்சனங்களைப் படியுங்கள். எது பிடித்தது, எது இழுத்தது என்று இடம் சுட்டி எழுதுபவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

வெட்டுக்கு இன்னொரு உதாரணம்: ஜிம் புட்சரின் டிரெஸ்டன் வரிசை. 2014க்குப் பிறகு ஆறு வருட மௌனம், பிறகு 2020 ஜூலையில் ஒன்று, செப்டம்பரில் அடுத்தது. ஒரே கையெழுத்துப்படியை இரண்டாகப் பிரித்தது. ஜூலை நூலை மட்டும் படித்து முடிவே இல்லை என்றவர்கள் பாதி நூலைத்தான் படித்திருந்தார்கள். இன்று தொடங்குபவர் இரண்டையும் சேர்த்து வாங்கட்டும்.

ஸ்டீபன் கிங்கின் 'டார்க் டவர்' மூன்றாம் பாகம் 1991இல் ஒரு விடுகதைப் போட்டியின் விளிம்பில் நின்றது. 1997இல் நான்காம் பாகம் அந்தப் போட்டியைத் தொடக்கத்திலேயே முடித்துவிட்டு, பெரும்பகுதியை நாயகனின் இளமைக்காலத்துக்குக் கொண்டுபோயிற்று. முன்னே போகக் காத்திருந்தவரைப் பின்னே கூட்டிப்போனால் கோபம் வராதா? தெரிந்து எடுப்பவருக்கு அந்த இளமைக்கதைதான் வரிசையின் உச்சம்.

#7

#6க்கு ஒரு துணுக்கு. 'டார்க் டவர்' மறுவாசிப்பு தொடங்குமுன் முதல் பாகம் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 1982 நூலை ஆசிரியர் 2003இல் திருத்தி, பின்பாகங்களோடு பொருந்தும்படி மாற்றினார். பத்தொன்பது என்ற எண் பிற்பகுதியில் திரும்பத் திரும்ப வரும், அதற்கான விதை திருத்திய பதிப்பில்தான் இருக்கிறது. பதிப்புரிமைப் பக்கத்தில் 2003 இருந்தால் சரி. பழைய பிரதிதான் கையில் இருக்கிறது என்றால் அதையும் படிக்கலாம், நடையில் அது இன்னும் முரட்டு அழகு. ஆனால் ஐந்தாம் பாகத்துக்கு வந்து "இது எப்போது சொன்னார்" என்று தேட வேண்டியிருக்கும்.