நிரந்தர ஜிஎன்எஸ்எஸ் நிலையம்: மொட்டைமாடியா, தரைத்தூணா?

புதுத்தூண்:
ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள்களின் (பொதுப்பெயர் ஜிஎன்எஸ்எஸ்) சிக்னலை ஒரே இடத்தில் இருந்து தொடர்ந்து பதிவு செய்யும் நிரந்தர நிலையம் ஒன்று அமைக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. சர்வே குழுக்களுக்கு அவர்கள் கருவி காட்டும் இடத்தின் பிழையைச் சரிசெய்யும் திருத்தம் அனுப்ப வேண்டும், நில அசைவையும் ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டும். மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் கம்பம் நட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும். மின்சாரம், இணையம் இரண்டும் அங்கேயே இருக்கின்றன. பணத்தில் பெரும்பகுதியை ரிசீவருக்கு ஒதுக்கியிருக்கிறோம். சரிதானா?

பழங்கம்பம்:
ரிசீவரை அடுத்த வருடம்கூட மாற்றலாம். தூணை மாற்றினால் அது வேறு நிலையம்.

திருத்தம் அனுப்ப மட்டும் என்றால் மாடி போதும். நில அசைவுக்கு மாடி வேண்டாம். கான்கிரீட் ஒரு டிகிரி வெப்பத்துக்கு லட்சத்தில் ஒரு பங்கு நீளும். 10 மீட்டர் கட்டடம், 20 டிகிரி ஏற்ற இறக்கம் என்றால் 2 மில்லிமீட்டர். நீங்கள் தேடுகிற அசைவே வருடத்துக்கு அவ்வளவுதான் இருக்கலாம்!

என் முதல் நிலையமும் மாடியில்தான் இருந்தது. ஒருநாள் பிற்பகல் 3 மணிக்குத் தரவு கெட்டது. பக்கத்தில் ஏதோ ரேடியோ கருவி என்று நினைத்தேன். மறுநாள் 2.56க்குக் கெட்டது. ஒரு வாரத்தில் அரை மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. அப்போதுதான் பொறி தட்டியது: ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாகத்தான் அதே இடத்துக்குத் திரும்பும். அப்படியானால் கோளாறு செயற்கைக்கோள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது; இது எதிரொளிப்பு, அதாவது சிக்னல் பக்கத்துப் பொருளில் பட்டுத் திரும்பி ஆன்டெனாவுக்கு வருவது. மேலே ஏறிப் பார்த்தால், ஆன்டெனாவுக்கு இரண்டு மீட்டர் தள்ளிப் பளபளவென்று புது இரும்புத் தொட்டி. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால் தூண் கட்டும் முன் அந்த இடத்தில் முக்காலி வைத்து இரண்டு நாளாவது பதிவு எடுங்கள். சோக் ரிங் ஆன்டெனா (சுற்றிலும் உலோக வளையங்கள் கொண்டது) கீழிருந்து வரும் எதிரொளிப்பைத்தான் நன்றாகத் தடுக்கும், தொட்டியை மறைக்காது.

மண்வெட்டி:
தரைத்தூண் என்றாலே உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், தூணும் கூடவே ஆடும். பாறை வரை துளையிட்டு எஃகுக் கால்களைச் சாய்வாக இறக்கிக் கட்டுவது நல்லது.

பழங்கம்பம்:
ஆமாம், அதை விட்டுவிட்டேன். இன்னொன்று: ஆன்டெனாவின் வகை, வரிசை எண், உயரம், மாற்றிய தேதி எல்லாவற்றையும் அன்றன்றே நிலையப் பதிவேட்டில் எழுதுங்கள். எங்களிடம் ஒருவர் பழுதான ஆன்டெனாவைக் கழற்றி வேறு வகையை மாட்டிவிட்டுக் குறிப்பே எழுதவில்லை. கணக்கில் நிலையத்தின் உயரம் ஒரே நாளில் 1 சென்டிமீட்டர் இறங்கியது. நிலம் இறங்கிவிட்டது என்று மூன்று பேர் கூட்டம் போட்டுப் பேசினோம்.

புதுத்தூண்:
கட்டடத்துக்குப் பின்னால் பாறை வெளியே தெரிகிற இடம் ஒன்று இருக்கிறது. ஆனால் மேற்கே ஒரு மரம். அந்தப் பக்க வானத்தில் அடிவானத்திலிருந்து 15 டிகிரிக்குக் கீழே மறைக்கும் போல. நாளை முக்காலியோடு போகிறேன், தரவை இங்கேயே போடுகிறேன்.